பின்னட்டைக் கடல்

உக்காருங்க தம்பி. அந்தச் சேர் ஆடும், இந்தப் பக்கம் வாங்க. உங்க நாவலை அப்படி மேசை மேல வைங்க, அப்புறம் பாத்துக்கலாம். நேர்ல வந்து கூப்புடறீங்க பாருங்க, அது மரியாதை. இப்பெல்லாம் அழைப்பிதழை அடிச்சு முடிச்சுட்டு, பேரைப் போட்டுட்டோம் அய்யா, வந்துருங்கன்னு வாட்ஸப்புல ஒரு படத்தைத் தட்டி விடறாங்க. மொத நாவலுங்களா? இருக்கட்டும், எல்லாரும் ஒரு நாளைக்கு மொத நாவல் போட்டவங்கதான்.

யார் யார் பேசறாங்க, அந்தத் தாளைக் குடுங்க. தலைமை டாக்டர் சென்னியப்பன். சரி, மண்டபம் அவரோடது, வேற வழியில்ல. வரவேற்புரை பதிப்பாளர் தண்டபாணி. சிறப்புரை சொல்மழை அர்த்தனாரி, அது நானு. இதென்னங்க, ஆய்வுரை எழுத்தாளர் வசந்தாமணியா?

தம்பி, தெரிஞ்சு போட்டீங்களா, தெரியாம போட்டீங்களா? தெரியாம போட்டிருந்தா உங்க மேல தப்பில்ல. தெரிஞ்சு போட்டிருந்தா இந்தத் தாளை எடுத்துட்டு இப்பவே கெளம்பலாம். அவ இருக்கற மேடையில அர்த்தனாரி ஏற மாட்டான். இது தண்டபாணிக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். உங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டாங்க போல.

உக்காருங்க, உக்காருங்க. கெளம்பச் சொன்னா ஒடனே எந்திரிக்கறதா? சொல்றதைக் கேட்டுட்டுப் போங்க.

நான் கோயமுத்தூர்ல, திருப்பூர்ல, ஈரோட்டுல பேசாத மண்டபம் கெடையாதுங்க. பகல்ல பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியார், சாயங்காலமானா மேடை. தண்டபாணி செங்குளம் பதிப்பகத்தை ஆரம்பிச்சு மொத புத்தகம் போட்டப்பவே சிறப்புரை நாந்தான். அப்பறம் அவரு எதைப் போட்டாலும் அர்த்தனாரி வந்து ஒரு வார்த்தை பேசினாத்தான் அது புத்தகம். இல்லீன்னா அது வெறும் காயிதக் கட்டு. இதை நான் சொல்லல, தண்டபாணியே மைக்குல சொல்லியிருக்காரு. குடல் நோய்க்கு மருத்துவக் குறிப்பு போட்டாரு, அதுக்கும் பேசினேன். கவிதையும் பேசினேன், கணக்குப் புத்தகமும் பேசினேன். சனம் எந்திரிக்காது. மிச்சரும் டீயும் வெளிய வந்துருச்சுன்னு தெரிஞ்சும் எந்திரிக்காது.

படிச்சுட்டுத்தான் பேசுவீங்களான்னு கேக்க வர்றீங்க. மூஞ்சியில தெரியுது. இந்த வாசகர் வட்டம்னு ஒண்ணு ஊருக்கு ஊரு கெளம்புனதுக்கப்பறம் எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. ஞாயித்துக்கெழமை பார்க்குல பெட்ஷீட்டை விரிச்சு உக்காந்துட்டு, அம்பதாம் பக்கத்துல அந்தாளு ஏன் அழுதான்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கறாங்க. பரீச்சையா எழுதப் போறாங்க? கல்யாணத்துக்குப் போறவன் பொண்ணு மாப்பிள்ளை ஜாதகத்தைப் படிச்சுட்டா போறான்? வாழ்த்தறதுக்குத்தான போறான். எனக்கு முன்னுரை இருந்தாப் போதும். பின்னட்டை இருந்தாப் போதும். நடுவுல ஒரு பக்கம் பிரிச்சுப் பாத்தா முக்கா மணி நேரம் பேசுவேன். தொழில் அப்படி.

இந்த வசந்தாமணி திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில வேலை பாக்கறவ. தச்சு வர்ற துணியில ஓட்டை இருக்குதா, கறை இருக்குதான்னு பாத்துத் தள்ளற வேலை. அங்கதான் அவளுக்கு அந்தக் குத்தம் பாக்கற புத்தி வந்திருக்கோணும். 'இரண்டாம் ஷிஃப்ட்'னு ஒரு நாவல் எழுதி, தண்டபாணி போடறேன்னுட்டாரு. அய்யா நீங்கதான் பேசோணும், அந்தம்மா ஆசைப்படறாங்கன்னு எனக்குப் போன் பண்ணினாரு. சரின்னேன். ஒரு வாரத்துல கூரியர்ல பெரிய பொட்டலம் வந்துச்சு. நாவலை அப்படியே பிரிண்ட் எடுத்து அனுப்பியிருக்கறா. யாராச்சும் அப்படி அனுப்புவாங்களா? நமக்கு வேற வேலையே இல்லயா? டிவிக்கு அடியில வெச்சேன். அவ விடல, போன் போட்டு, அய்யா படிச்சீங்களாங்கறா. படிச்சுட்டே இருக்கறேன் அம்மிணின்னேன். முன்னுரை யாரு குடுத்திருக்காங்கன்னு கேட்டேன். முன்னுரை வேண்டாம்னு சொல்லிட்டேனுங்கய்யா, கதை இருக்குதில்லங்கன்னா. அப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. முன்னுரை இல்லாத புத்தகத்தைத் தூக்கிட்டு எந்த மகராசி மேடைக்கு வருவா?

விழா அன்னைக்கு அச்சாபீஸ்லருந்து புத்தகம் நேரா மண்டபத்துக்குத்தான் வந்துச்சு. நம்ம ஊர்ல எப்பவும் அப்படித்தான், கட்டைப் பிரிச்சா பசை ஈரம் காஞ்சிருக்காது. டாக்டரு குத்துவிளக்கு ஏத்திட்டிருக்கறாரு, எங் கையில ஒரு பிரதியைக் குடுத்தாங்க. அட்டை நல்ல நீலம். திருப்பிப் பாத்தேன். பின்னட்டையில என்ன போட்டிருக்குதுன்னா, கடலுக்குப் போன புருசன் திரும்பி வராம, கரையிலயே காத்துக் கெடக்கற ஒரு தாயி, அவளோட மூணு பொண்ணுக, உப்புக் காத்துல காய்ஞ்ச வாழ்க்கை. அடடான்னு இருந்துச்சு. இருந்தாலும் நான் பொறுப்பானவன் பாருங்க, நடுவுல ஒரு பக்கம் பிரிச்சேன். 'தண்ணி நீலமா ஓடிட்டிருந்துச்சு, அம்மா அதையே பாத்துட்டு நின்னா'ன்னு இருக்குது. கடல் இருக்குது, அம்மா இருக்கறா. இதுக்கு மேல என்னத்தப் பாக்கறது, நீங்களே சொல்லுங்க.

அன்னைக்குப் பேசுன மாதிரி நான் என்னைக்கும் பேசினதில்ல தம்பி. ராமேசுவரத்துல ஆரம்பிச்சு நாகப்பட்டினம் வரைக்கும் கரையோரமாவே கூட்டிட்டுப் போனேன். தலைப்புக்கு வெளக்கம் சொன்னேன் பாருங்க, "அலைக்கு ஏது ஓய்வு? காலையில் கரை தொடும் அலை முதல் ஷிஃப்ட், மாலையில் மணல் தழுவும் அலை இரண்டாம் ஷிஃப்ட்"னேன். மண்டபமே கை தட்டுச்சு. முன்னாடி ரெண்டு வரிசையில அவளோட கம்பெனிப் பொண்ணுக உக்காந்திருந்தாங்க. சுடிதார் துப்பட்டாவை எடுத்து வாயில வெச்சுட்டு, தோளு குலுங்குது எல்லாத்துக்கும். அழுகறாங்கன்னு நெனச்சேன். அழுகாத புள்ளைகன்னு மேடையிலருந்தே ஆறுதல் வேற சொன்னேன். இன்னும் எச்சாக் குலுங்குச்சு.

பாதியில அவ எந்திரிச்சு வந்து மைக்குக்கிட்ட ஒரு துண்டுச்சீட்டை வெச்சா. எனக்கே துண்டுச்சீட்டு. நேரமாச்சு முடிங்கன்னு எனக்குச் சீட்டுக் குடுக்கற ஆளு இனிமேத்தான் பொறக்கோணும். அதை எடுத்துச் சட்டைப் பாக்கெட்டுல போட்டுட்டு, போய் உக்காரு அம்மிணின்னு கையைக் காட்டிட்டு, சுனாமிக்குப் போயிட்டேன்.

எனக்கு அடுத்தது டாக்டரு. சொல்மழை அய்யா சொன்ன அந்தத் தாய் என் கண்ணை விட்டு அகலலைன்னாரு. கடல் மீன்ல இருக்கற சத்தைப் பத்திச் சொன்னாரு. தண்டபாணி, மீனவர் வாழ்வைச் சொல்லும் இந்தப் படைப்பை வெளியிடறதுல பெருமைன்னாரு. போட்டவரே சொல்றாரு, நான் என்ன பண்ணட்டும்?

கடைசில அவளை ஏற்புரைக்குக் கூப்பிட்டாங்க. ஏற்புரைன்னா என்னங்க? எல்லாருக்கும் நன்றி சொல்லோணும், கொஞ்சம் தழுதழுக்கோணும், உக்காரோணும். இவ வந்து நின்னா. சத்தமே இல்லாத கொரலு. "எல்லாருக்கும் வணக்கமுங்க. எம் புத்தகத்துல கடல் வராதுங்க. பின்னட்டை மாறி அச்சாயிருச்சு. நான் இன்னும் கடலை நேர்ல பாத்ததில்லீங்க. ராத்திரி ஷிஃப்ட்டு பாக்கற பொண்ணுகளைப் பத்தி எழுதியிருக்கறேன். முடிஞ்சாப் படிச்சுப் பாருங்க"ன்னா. அவ்வளவுதான். போய் உக்காந்துட்டா.

அப்பறம் அந்த ரெண்டு வரிசையும் சிரிச்சுது பாருங்க. நான் நாக்கப் புடுங்கிட்டுச் சாகலாமான்னு உக்காந்திருந்தேன். என்னன்னு விசாரிச்சா, தண்டபாணி ஆபீஸ்ல அட்டை வரையறவன் போன மாசத்து நாவலோட ஃபைலைத் தொறந்து, முன்னட்டையை மாத்திட்டு, பின்னட்டையை மாத்த மறந்துட்டானாம். கடல் அந்த நாவல்ல இருந்ததாம். நீலமா ஓடுன தண்ணி நொய்யல் ஆத்துல வர்ற சாயத் தண்ணியாம். ஆறு நீலமா ஓடுமுன்னு நான் கனவா கண்டேன்? ஊட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டறப்ப அந்தச் சீட்டு கீழ விழுந்துச்சு. 'அய்யா, பின்னட்டை வேற புத்தகத்தோடது'ன்னு எழுதியிருக்கறா. சீட்டுல எழுதறதுக்கு வாயில சொல்றதுக்கென்ன? பெரிய மனுசன் தப்பான வழியில போறான்னா கையைப் புடிச்சு நிறுத்தோணுமா இல்லயா? வேணும்னேதான் விட்டா.

எவனோ அதை வீடியோ எடுத்து விட்டுட்டான். டீக்கடையில, என்னங்கய்யா, கடல் இன்னைக்கு அமைதியாங்கறான். எங்கிட்டப் படிச்ச பையன் ஒருத்தன் பஸ்ஸுல எனக்கு எடம் குடுத்துட்டு, உக்காருங்கய்யா, ரெண்டாவது ஷிஃப்ட்டுக்கா கெளம்பிட்டீங்கங்கறான். கூப்பிடறது நின்னு போச்சு. வாரத்துக்கு ரெண்டு மேடை ஏறுனவன், சாயங்காலமானா சட்டையைப் போட்டுட்டு இந்தச் சேர்லதான் உக்காந்திருந்தேன். டாக்டரு பேசினாரே, தண்டபாணி பேசினாரே, அவங்களை ஒருத்தரும் கேக்கல.

அதைக்கூடப் பொறுத்துக்குவேன் தம்பி. எம் புத்தகத்துல கையை வெச்சுட்டாளுங்க. எம் பேச்செல்லாம் தொகுத்து ஒரு புத்தகம் போடறதா தண்டபாணி எனக்கு வாக்குக் குடுத்திருந்தாரு. 'பெய்த மழை'ன்னு தலைப்பு. நான் செத்தா எம் பேச்சு காத்தோட போயிரும், எழுத்துல ஒண்ணு நிக்கோணும். ஊர்ல எத்தனை பேரு புத்தகத்தைத் தூக்கிவிட்டிருக்கறேன், எம் பேரு போட்ட அட்டையை நான் ஒரு நாளாச்சும் பாக்கோணுமா இல்லயா? இந்தக் கூத்துக்கப்பறம் தண்டபாணி, கொஞ்ச நாள் போகட்டுமுங்கய்யா, சனம் மறக்கட்டுமுங்கறாரு. விடுவனா? அவரு ஆபீஸ்லயே போய் உக்காந்துட்டேன். காலையில அவரு ஷட்டரைத் தொறக்கறதுக்கு முன்னாடி நான் வாசல்ல நிப்பேன். வர்றவன் போறவன்கிட்டல்லாம் அவரு எனக்குப் பண்ணுன வாக்கைச் சொல்லுவேன். தாங்க முடியாம போட்டாரு.

பக்கம் கொஞ்சம் பத்தல, மனசுலருந்து ஒண்ணு எழுதிக் குடுங்க, கடைசில சேத்தறலாமுன்னாரு. என்னத்த எழுதறதுன்னு யோசிச்சு, தவறிப்போன சம்சாரத்தைப் பத்தி எழுதினேன். ஒரே மூச்சுல எழுதினது, திருப்பிக்கூடப் படிக்கல. 'இல்லறத் துணை'ன்னு பேரு வெச்சேன்.

புத்தகத் திருவிழாவுலயே விக்கறதுக்கு வெச்சாங்க, பத்து நாள் கழிச்சு விழா. நான் யாருக்கெல்லாம் பேசினேனோ அவங்களைத்தான் கூப்பிட்டேன். பேச்சும் மொய்யாட்டந்தானுங்க, நாம வெச்சது நமக்குத் திரும்பி வரோணும். வந்தாங்க. டாக்டரு என்னோட பிரஷரை இத்தனை வருசமா அவருதான் பாத்துட்டிருக்கறாருன்னு பேசினாரு. இன்னொருத்தர் மழையைப் பத்தி, மேகத்தைப் பத்தி, அணைக்கட்டு நெலவரம் வரைக்கும் பேசினாரு. கவிஞர் ஒருத்தரு, இந்த நூல்ல அர்த்தனாரி தன்னோட தாயைப் பத்தி எழுதியிருக்கற கட்டுரையைப் படிச்சு அழுதுட்டேன்னாரு. நான் தாயைப் பத்தி எழுதவே இல்லீங்க. இருக்கட்டுமே. கை தட்டுனாங்களா இல்லயா? பொன்னாடை போத்துனாங்களா இல்லயா? பின்னட்டையைப் பாத்துட்டுத்தான் பேசுறாங்கன்னு எனக்குத் தெரியாதா? என்னமோ, கேட்டுட்டு உக்காந்திருக்கறப்ப அந்தப் பின்னட்டையை நானே ஒருக்கா எடுத்துப் படிச்சுப் பாத்தேன்.

கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போட்டோ எடுத்துட்டிருக்கறாங்க. பாத்தா வசந்தாமணி நிக்கறா. யாரு கூப்பிட்டாங்க? கடைசி வரிசையில உக்காந்திருந்தாளாம். கையில எம் புத்தகம். திருவிழாவுலயே வாங்கிட்டாளாம். உள்ள பூராப் பென்சில்ல கோடு போட்டிருக்கறா. துணியில கறை பாக்கற கண்ணு, விடுமா?

"அய்யா, கடைசிக் கட்டுரை ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. நான் ரெண்டு தடவை படிச்சேன்"னா.

நான் கழுத்து மாலையைச் சரி பண்ணிக்கிட்டேன். அவளே பேசினா. "பேச்சுக்குக் கீழ வருசம் போட்டிருக்கறீங்கல்லங்க. வரிசையா வெச்சுப் படிச்சேன். மொதல்ல இருக்கறதெல்லாம் புத்தகத்துக்குள்ள போய்ட்டு வந்த ஆளு பேசினது. இந்த எடத்துல இவ சொல்றது பொய்யி, இந்தக் கெழவி சாகோணும்னு அவசியமில்லன்னு சொல்லியிருக்கறீங்க. பாதிக்கப்பறம் அப்படி ஒண்ணுகூட இல்லீங்க. உங்க ஊட்டம்மா தவறினது அந்த வருசந்தானுங்களா?"

என்ன திமிரு பாத்தீங்களா. விழா அன்னைக்கு, மாலையோட நிக்கறவன்கிட்ட கேக்கற கேள்வியா? அந்தக் கட்டுரையில நான் ஒரு வரி எழுதிட்டேன் தம்பி, அதைத்தான் புடிச்சுட்டா. ராத்திரி சாப்புடறப்ப சம்சாரம் எனக்குக் கதை சொல்லுவான்னு எழுதிட்டேன். ஆமா, சொல்லுவா. எங்கிட்ட வர்ற புத்தகத்தையெல்லாம் அவதான் படிப்பா. மத்தியானம் சோத்தை எறக்கி வெச்சுட்டு உக்காந்தான்னா முடிக்காம எந்திரிக்க மாட்டா. நான் இட்லியைப் பிட்டுட்டிருக்கறப்ப, இவ இப்படிப் பண்ணினா, அவன் அப்படிப் பண்ணினான், இங்க எழுதறவனுக்கே புரியலன்னு சொல்லிட்டே சட்டினி ஊத்துவா. பாதி காதுல விழுகும், பாதி விழுகாது. அதை மேடையில எடுத்துச் சொன்னது யாரு? நானு. கொரலு யாரோடது? என்னோடது. அவ ஒரு மைக்கைத் தொட்டிருப்பாளா? எம் பேச்சைக் கேக்கறதுக்கு ஒரு மண்டபத்துக்கு வந்திருப்பாளா? நானும் கூப்பிடல, அவளும் வரல. அவ போனதுக்கப்பறமும் நான் பேசாம நிறுத்திட்டனா? கைத்தட்டு கொறஞ்சுச்சா? ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல. ஒருத்தருக்கும் தெரியலீங்க தம்பி, இத்தனை வருசத்துல, இந்த வசந்தாமணி ஒருத்தியைத் தவிர.

அதோட விட்டாளா? "ஊட்டம்மா பேரு என்னங்கய்யா? கட்டுரை பூராத் தேடிப் பாத்தேன், எங்கயுமே இல்லீங்களே"ன்னா.

நான் சொல்லல. எதுக்குச் சொல்லோணும்? இல்லறத் துணைன்னு எழுதியிருக்குதில்ல, அது பத்தாதா? போட்டோக்காரனைக் கூப்பிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டேன். அவ புத்தகத்தைப் பைக்குள்ள வெச்சுட்டுப் போயிட்டா. அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரு பொட்டுத் தூக்கம் வரல. கோவத்துல.

இப்பச் சொல்லுங்க. எம் புத்தகத்தை அட்டையிலருந்து அட்டை வரைக்கும் படிச்ச ஒரே ஆளு அவதான். எனக்குத் தெரிஞ்சு வேற ஒரு ஆளு இல்ல, தண்டபாணி உட்பட. அப்படிப்பட்டவளை எம் பக்கத்துல உக்கார வெச்சா நான் எப்படிப் பேசுவேன்? அவ பேரை எடுத்துட்டு வாங்க, நான் வர்றேன். இல்லீன்னா எம் பேரை எடுத்துருங்க. வளவளன்னு பேச்சு வேண்டாம்.

என்ன யோசிக்கறீங்க? சொல்லுங்க.

என்னது? எம் பேரைப் போடச் சொன்னதே அவளா?

எதுக்காம்? நல்லாப் பேசுவாருன்னா சொன்னா? படிச்சுட்டு வந்தா நல்லாப் பேசுவாருன்னு சொன்னாளா. ஓகோ. நான் ஒத்துக்க மாட்டேன்னும் அவளே சொன்னாளா? சரி, அது வரைக்கும் புத்தி இருக்குது. நான் ஒத்துக்கலீன்னா அவ மேடைக்கு வர மாட்டாளாமா, அய்யாவே பேசட்டும்னுட்டாளா. அப்பச் சரி. அப்ப ஒரு பிரச்சனையும் இல்ல. பேனாவை எடுத்து அவ பேரை அடிங்க. இன்னொருக்கா அடிங்க, தெரியக் கூடாது.

என்ன, இன்னும் ஏதோ சொல்ல வர்றீங்க. கீழ உக்காந்து கேட்டுக்குவாளா? எங்க கீழ? முன் வரிசையிலயா?

உங்க நாவலை அவ படிச்சுட்டாளா?

ரெண்டு தடவையா?

அந்தப் புத்தகத்தை இப்படிக் குடுங்க தம்பி. என்னங்க இது இத்தனை கனமா இருக்குது, எழுத்து வேற பொடிப்பொடியா இருக்குது. முன்னுரை எங்க? முன்னுரையே போடலீங்களா? ஏனுங்க, உங்களுக்கும் அவதான் சொல்லிக் குடுத்தாளா? விழா வர்ற ஞாயித்துக்கெழமைன்னா நடுவுல எத்தனை நாள் இருக்குது? அந்தக் கண்ணாடியை எடுங்க, ஜன்னல்கிட்ட இருக்குது. அதில்ல, அது சம்சாரத்தோடது, அதை அங்கயே வைங்க. இந்தாங்க, ஞாயித்துக்கெழமையைத் தள்ளிப் போட முடியுமான்னு தண்டபாணிகிட்டக் கேளுங்க. படிச்சுச் சொல்றதுக்கு எனக்கு ஆளில்லீங்க.